ஐபி போன் கான்ஃபிக் ஃபைலை மாற்றுவது எப்படி: சேலத்தில் சர்வர், ஏற்காட்டில் கிளை

முப்பது ஐபி போன் (நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) உள்ள அலுவலகத்தில், அழைப்புகளை இணைத்துவிடும் பிபிஎக்ஸ் சர்வரின் முகவரி மாறுகிறது என்று வையுங்கள். மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு போனின் வெப் பக்கத்தையும் திறந்து மாற்றினால், ஒரு போனுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். நேரம் போவதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. கையால் மாற்றிய போன்கள் ஆறு மாதத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத முப்பது தனித்தனிப் பெட்டிகளாகிவிடும். எந்தப் போனில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அமைப்புகளைச் சர்வரில் கான்ஃபிக் ஃபைலாக வைத்து, போனே வந்து எடுத்துக்கொள்ளும்படி செய்கிறோம். இதற்குப் பெயர் ஆட்டோ ப்ரொவிஷனிங்.

இந்த வழிகாட்டிக்கு ஒரு மாதிரி அமைப்பை எடுத்துக்கொள்வோம். சேலம் ஐந்து ரோடு பக்கம் தலைமை அலுவலகம், அங்கே 24 போன். ஏற்காட்டில் காபி எஸ்டேட் அலுவலகம், அங்கே 6 போன். இரண்டுக்கும் நடுவில் விபிஎன் (இணையத்தின் மேல் இரண்டு அலுவலகத்தையும் இணைக்கும் தனிப்பாதை). பிபிஎக்ஸாக ஓடுவது ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள். போன்களில் பெரும்பாலானவை யீலிங்க், சில கிராண்ட்ஸ்ட்ரீம். ஃபைல் பெயர்களையும் வரிகளையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். சர்வரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நாங்கள் அடிக்கோடு போட்ட இடத்தில் அங்கேயும் அடிக்கோடு, புள்ளி போட்ட இடத்தில் புள்ளி.

போன் எந்த ஃபைலைத் தேடுகிறது?

யீலிங்க் போன் பூட் ஆனதும் இரண்டு ஃபைல்களைக் கேட்கும். முதலாவது அந்த மாடலுக்கான பொது ஃபைல். அதன் பெயர் 'ஒய்' எழுத்தில் தொடங்கி 12 இலக்கத்தோடு முடியும். டி46எஸ் என்றால் ஒய்000000000066.சிஎஃப்ஜி, டி42எஸ் என்றால் கடைசி இரண்டு இலக்கம் 67, டி41எஸ்-க்கு 68, டி48எஸ்-க்கு 65, டி21பி இ2-க்கு 52, டி19பி இ2-க்கு 53. இரண்டாவது அந்த ஒரு போனுக்கு மட்டுமான ஃபைல், போனின் மேக் முகவரியே (ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள 12 எழுத்து அடையாளம்) அதன் பெயர். பொது ஃபைலை முதலில் படித்து, மேக் ஃபைலை அடுத்துப் படிப்பதால், இரண்டிலும் ஒரே வரி இருந்தால் மேக் ஃபைலில் உள்ளதே நிற்கும்.

ஃபர்ம்வேர் (போனுக்குள் ஓடும் மென்பொருள்) எண்ணின் முதல் பகுதியைப் பார்த்துப் பொது ஃபைலின் பெயரை ஊகிக்காதீர்கள். டி41எஸ், டி42எஸ், டி46எஸ், டி48எஸ் நான்கும் 66 என்று தொடங்கும் ஒரே ஃபர்ம்வேரில் ஓடுகின்றன, ஆனால் ஆளுக்கொரு பொது ஃபைலைக் கேட்கின்றன. 66-ஐ மட்டும் திருத்திவிட்டு, மற்ற மாடல்கள் ஏன் மாறவில்லை என்று அரை நாள் தேடுவது இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் தவறு.

புதிய ஃபர்ம்வேர்கள் இவற்றுக்கு முன்பாக '.பூட்' என்று முடியும் ஃபைலையும் தேடும். அது சர்வரில் இல்லாவிட்டால் கவலையில்லை, போன் மேலே சொன்ன வரிசைக்கு வந்துவிடும். அது இருந்தால் கதையே வேறு. பூட் ஃபைலுக்குள் பட்டியலிட்டிருக்கும் ஃபைல்களை மட்டுமே போன் எடுக்கும். முன்பு வேலை செய்தவர்கள் விட்டுப்போன பூட் ஃபைல் ஏதாவது ஃபோல்டரில் கிடக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கிராண்ட்ஸ்ட்ரீம் 'சிஎஃப்ஜி' என்ற மூன்று எழுத்து, அதை ஒட்டி மேக், முடிவில் '.எக்ஸ்எம்எல்' என்று கேட்கும். உள்ளே அமைப்புகள் 'பி' எண்களாக இருக்கும்: பி47 சிப் (அழைப்புகளை ஏற்படுத்தும் நெறிமுறை) சர்வர், பி35 யூசர் ஐடி, பி36 ஆத்தென்டிகேஷன் ஐடி, பி34 பாஸ்வேர்டு, பி237 கான்ஃபிக் சர்வரின் பாதை, பி212 எந்த வழியில் எடுப்பது என்பது. பி212-இல் 0 என்றால் டிஎஃப்டிபி (பழைய, எளிய ஃபைல் பரிமாற்ற முறை), 1 என்றால் எச்டிடிபி, 2 என்றால் எச்டிடிபிஎஸ். வழியைத் தனியாகச் சொல்லிவிட்டதால் பி237-இல் 'எச்டிடிபி://' என்ற முன்னொட்டைப் போடக் கூடாது. சர்வர் முகவரியும் ஃபோல்டரும் மட்டும் போதும். சிஸ்கோவின் பழைய மேசைப் போன்களுக்கு 'எஸ்இபி' என்ற எழுத்துகளும், பெரிய எழுத்தில் மேக்கும், '.சிஎன்எஃப்.எக்ஸ்எம்எல்' என்ற முடிவும் தேவை. அவை டிஎச்சிபி (போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை) ஆப்ஷன் 150 வழியாக டிஎஃப்டிபி சர்வரைத் தேடும்.

லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம் இரண்டும் மேக்கைச் சின்ன எழுத்தில் கேட்கும், சிஸ்கோ பெரிய எழுத்தில் கேட்கும். போனின் பின்பக்க ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே யீலிங்க் ஃபைலுக்குப் பெயராக வைத்தால் போனுக்கு அது கிடைக்காது.

கை வைப்பதற்கு முன்

ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை முழுதாக, தேதி போட்ட பெயரில் நகலெடுத்து வையுங்கள். பிறகு ஒரு பட்டியல் போடுங்கள்: மேக், மாடல், ஃபர்ம்வேர், எக்ஸ்டென்ஷன், உட்காருபவர், இடம். யீலிங்கில் போன் சும்மா இருக்கும்போது ஓகே பட்டனை அழுத்தினால் ஐபி, மேக், மாடல், ஃபர்ம்வேர் எல்லாம் திரையில் வந்துவிடும்.

பட்டியலை எக்செலில் போடுவதாக இருந்தால், மேக் எழுதும் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிய பிறகே ஒட்டுங்கள். யீலிங்கின் பழைய மேக்குகள் 001565 என்று தொடங்கும். மீதி ஆறும் எண்களாக இருந்துவிட்டால், உதாரணமாக 001565123456, எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள இரண்டு பூஜ்ஜியத்தையும் தின்றுவிடும். எண்களுக்கு நடுவே 'இ' என்ற ஒரே ஆங்கில எழுத்து வந்தால் இன்னும் மோசம்: அதைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு வேறொரு எண்ணாகவே மாற்றிவிடும். இந்தப் பட்டியலிலிருந்து ஸ்கிரிப்ட் போட்டு ஃபைல்களை உருவாக்கினால், முப்பதில் இரண்டு போன் மட்டும் காரணமே தெரியாமல் விடுபட்டுப் போகும்.

ஃப்ரீபிபிஎக்ஸில் (ஆஸ்டரிஸ்கை வெப் பக்கம் வழியாக நிர்வகிக்கும் மென்பொருள்), போன் ஃபைல்களைத் தானே எழுதும் எண்ட்பாயிண்ட் மேனேஜர் மாட்யூல் ஓடிக்கொண்டிருந்தால் ஃபைலைக் கையால் திருத்தவே திருத்தாதீர்கள். அடுத்த முறை யாராவது அதில் சேவ் கொடுக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். மாற்றத்தை அந்த மாட்யூலுக்குள்ளேயே செய்ய வேண்டும்.

எழுதும்போது

யீலிங்க் ஃபைலின் முதல் வரி எப்போதும் ஹாஷ் குறி, ஆச்சரியக்குறி, 'வெர்ஷன்:1.0.0.1' என்றுதான் இருக்க வேண்டும். ஹாஷ் இருப்பதால் அது ஏதோ குறிப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால் போன் ஃபைலை இறக்கும், ஆனால் ஒரு வரியையும் ஏற்காது. சர்வர் பக்கம் பார்த்தால் எல்லாம் சரியாக நடந்ததுபோலவே தெரியும்.

விண்டோஸ் நோட்பேடில் திருத்தினால் இரண்டு ஆபத்து. பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை ஃபைலின் தலையில் ஒட்டிவிட்டால், முதல் வரி முதல் வரியாக இருக்காது. '.சிஎஃப்ஜி' என்று நீங்கள் கொடுத்த பெயருக்குப் பின்னால் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டு, அது திரையில் மறைந்தும் இருக்கலாம். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் வைத்துக்கொண்டு, 'யூடிஎஃப்-8, பிஓஎம் இல்லாமல்' என்ற தேர்வில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வரிகளை நேராக ஒட்டாதீர்கள். வளைந்த மேற்கோள் குறியும் நீண்ட கோடும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

பொது ஃபைலில் எல்லோருக்கும் பொதுவானது மட்டும் இருக்கட்டும்: நேரம், மொழி, சர்வர் முகவரி, புதுப்பிக்கும் அட்டவணை, அட்மின் பாஸ்வேர்டு. மேக் ஃபைலில் அந்த ஆளுக்கு உரியது மட்டும்: 'அக்கவுண்ட்.1.யூசர்_நேம்', 'அக்கவுண்ட்.1.ஆத்_நேம்', 'அக்கவுண்ட்.1.பாஸ்வேர்டு', 'அக்கவுண்ட்.1.டிஸ்ப்ளே_நேம்', பட்டன்கள். சர்வர் முகவரியை மேக் ஃபைல்களில் முப்பது இடத்தில் எழுதி வைத்திருந்தால், இந்த முறையோடு அவற்றை அழித்துவிட்டுப் பொது ஃபைலுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த முறை ஒரு வரியில் வேலை முடியும்.

நேரத்தைப் பற்றி ஒரு நல்ல அடையாளம் சொல்ல வேண்டும். யீலிங்க் பெட்டியிலிருந்து வரும்போது சீன நேரத்தில், அதாவது +8-இல் இருக்கும். நம் நேரம் +5:30. ஆகவே ஒரு போனின் கடிகாரம் சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடினால், அதற்குப் பொது ஃபைல் இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரைத் திறக்காமலே, அலுவலகத்துக்குள் நடந்து போகும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு வரியை ஃபைலிலிருந்து அழித்தால் போனிலிருந்தும் அது போய்விடும் என்று எண்ணுவது தவறு. போன் தன்னிடம் ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொள்ளும். வேலையை விட்டுப்போனவரின் பெயருள்ள ஐந்தாவது பட்டனை எடுக்க வேண்டுமானால், 'லைன்கீ.5.டைப்' என்பதை 0 என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நேரடி லைனுக்கு 15, அடுத்தவர் பேசுகிறாரா என்று விளக்கு காட்டும் பிஎல்எஃப்-க்கு 16, ஸ்பீட் டயலுக்கு 13. வேறு வகை மதிப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப, சதவீதக் குறிகளுக்கு நடுவில் 'நல்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடலாம். பூட் ஃபைல் வைத்து, அதில் 'ஓவர்ரைட்_மோட்' 1 என்று கொடுத்திருப்பவர்களுக்கு மட்டும் அழித்த வரி போனிலும் அழியும்.

எக்ஸ்எம்எல் ஃபைலில் நிறுவனப் பெயரில் உள்ள '&' குறி முழு ஃபைலையும் கெடுத்துவிடும். சேலத்தில் பாதிக் கடைப் பெயர்கள் '& சன்ஸ்', '& கோ' என்று முடிவதால் இது அடிக்கடி வரும். அந்த இடத்தில் 'அண்ட்' என்று எழுத்திலேயே எழுதிவிடுவது நிம்மதி. சிப் பாஸ்வேர்டிலும் குறிகள் வேண்டாம். ஆஸ்டரிஸ்கின் ஃபைலில் அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதைக் குறிப்பு என்று தள்ளிவிடும். எழுத்தும் எண்ணும் கலந்து 20 இலக்கம் வைத்தால் போதுமான பலம்.

சர்வர் எங்கே என்று போனுக்கு யார் சொல்வது?

டிஎச்சிபி-தான். ஆப்ஷன் 66-இல் முழு முகவரியைக் கொடுங்கள்: எச்டிடிபி://10.10.20.5/ப்ரோவ் என்பதுபோல, முன்னொட்டோடு சேர்த்து. வெறும் ஐபியை மட்டும் கொடுத்தால் போன் அதை டிஎஃப்டிபி என்று எடுத்துக்கொள்ளும். இணைய நிறுவனம் இலவசமாகக் கொடுத்த ரௌட்டர்களில் பலவற்றில் ஆப்ஷன் 66 போட இடமே இருக்காது. அப்படியானால் டிஎச்சிபி வேலையைச் சர்வருக்கோ ஃபயர்வாலுக்கோ மாற்றிவிட்டு, ரௌட்டரில் அதை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் ஐபி கொடுப்பார்கள். எது முதலில் பதில் சொல்கிறதோ அதைப் போன் எடுத்துக்கொள்ளும். காலையில் வந்த போன் மதியம் வராது, பக்கத்து மேசையில் வரும், இந்த மேசையில் வராது. இப்படி ஒழுங்கே இல்லாமல் வந்தால் இரண்டாவது டிஎச்சிபி-யைத் தேடுங்கள்.

டிஎஃப்டிபி-யை விட்டுவிட்டு எச்டிடிபி-க்கு வாருங்கள் என்பதே எங்கள் அழுத்தமான பரிந்துரை. டிஎஃப்டிபி 512 பைட் அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்த 512 பைட்டை அனுப்பும். 10 எம்பி ஃபர்ம்வேர் என்றால் 20,480 தடவை போய்வர வேண்டும். ஒரு தடவைக்கு 30 மில்லி செகண்டு எடுக்கும் விபிஎன்னில் அது பத்து நிமிடத்துக்கு மேல். 32 எம்பி-யைத் தாண்டினால் பல டிஎஃப்டிபி சர்வர்களில் எண்ணிக்கையே தீர்ந்து இறக்கம் நின்றுவிடும். தவிர, போர்ட் 69-இல் கேட்டுவிட்டு வேறு போர்ட்டில் பதில் வருவதால் நடுவில் உள்ள ஃபயர்வால் அதை அடைத்துவிடும்.

எச்டிடிபிஎஸ் இன்னும் நல்லது, ஆனால் முன்வேலை உண்டு. யீலிங்க் தனக்குத் தெரியாத சான்றிதழை ஏற்காது. நீங்களே உருவாக்கிய சான்றிதழ் என்றால் அதைப் போனுக்குள் முதலில் ஏற்ற வேண்டும். போனின் கடிகாரம் தவறாக இருந்தாலும் சான்றிதழ் காலாவதி என்று தள்ளிவிடும். போன்கள் இருக்கும் விலானுக்கு (ஒரே ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இணையம் கிடையாது என்றால், நேரம் கொடுக்க உள்ளூரிலேயே ஒரு என்டிபி சர்வர் வேண்டும். ஆப்ஷன் 42-இல் அதன் முகவரியைக் கொடுக்கலாம்.

எந்த வழியாக இருந்தாலும் இந்த ஃபோல்டரைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மேக் ஃபைலிலும் சிப் பாஸ்வேர்டு வெளிப்படையாக இருக்கிறது. மேக்கின் முதல் ஆறு இலக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் தெரிந்ததுதான், மீதி ஆறை ஸ்கிரிப்ட் போட்டு வரிசையாகக் கேட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. பாஸ்வேர்டு கிடைத்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள், பில் உங்கள் பெயரில் வரும்.

முதலில் ஒரே ஒரு போன்

ஃபைலைச் சர்வரில் வைத்தபின், அதே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டரின் பிரௌசரில் ஃபைலின் முழு முகவரியை அடித்துப் பாருங்கள். திறக்கிறதா? அடுத்து உங்கள் மேசையிலுள்ள போனின் வெப் பக்கத்தில் செட்டிங்ஸ், ஆட்டோ ப்ரொவிஷன் என்று போய், கீழே உள்ள 'ஆட்டோ ப்ரொவிஷன் நௌ' பட்டனை அழுத்துங்கள். அழுத்தும்போது இன்னொரு ஜன்னலில் வெப் சர்வரின் ஆக்சஸ் லாக் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எந்தக் கோளாறானாலும் அந்த லாக்கிலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

லாக்கில் போனின் ஐபி வரவே இல்லை என்றால் ஃபைலில் குற்றமில்லை. போன் கேட்கவே இல்லை. ஆப்ஷன் 66, விலான், கேபிள் இவற்றைப் பாருங்கள். 404 (அப்படி ஃபைல் இல்லை) வந்தால் போன் கேட்ட பெயரை லாக்கிலிருந்தே நகலெடுத்து, ஃபோல்டரில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பூட் ஃபைலுக்கும், பெயரில் '-லோக்கல்' என்று வரும் ஃபைலுக்கும் 404 வருவது இயல்பு. 403 வந்தால் ஃபைலின் உரிமை சரியில்லை. ரூட்டாக நுழைந்து நகலெடுத்த ஃபைலை வெப் சர்வர் படிக்க முடியாமல் நிற்கும், 644 (எல்லோரும் படிக்கலாம்) என்ற உரிமை கொடுங்கள். 200 வந்தும் போனில் எதுவும் மாறவில்லை என்றால், ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது, போன் ஏற்கவில்லை: முதல் வரி, பிஓஎம், எழுத்துப்பிழை.

அவையும் சரியென்றால் 'கஸ்டம்.ப்ரொடெக்ட்' அமைப்பைப் பாருங்கள். அது 1 என்று இருந்தால், போனில் உட்காருபவர் தானாக மாற்றிக்கொண்டவற்றைச் சர்வர் ஃபைல் அசைக்காது. ரிங்டோனுக்கு இது நல்லது. ஆனால் யாரோ ஒருநாள் வெப் பக்கத்தில் சர்வர் முகவரியை மாற்றியிருந்தால், அந்த ஒரு போன் மட்டும் பிடிவாதமாகப் பழையதிலேயே நிற்கும். அப்கிரேட் பக்கத்தில் உள்ளூர் அமைப்புகளை மட்டும் அழிக்கும் ரீசெட் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முழு ஃபேக்டரி ரீசெட் தேவையில்லை.

யீலிங்க் தன் கோரிக்கையோடு மாடல், ஃபர்ம்வேர், மேக் மூன்றையும் சேர்த்தே அனுப்புவதால், ஒரு நாள் லாக்கை எடுத்தாலே உங்கள் பட்டியலைச் சரிபார்த்துவிடலாம்.

மற்றவற்றுக்கு அனுப்புதல்

ஒரு போன் சரியாக வந்தபின், ஒரு மாடலுக்கு ஒன்று வீதம் பாருங்கள், பிறகு ஒரு அறை, பிறகு எல்லாம். ஆஸ்டரிஸ்கிலிருந்து 'செக்-சிங்க்' என்ற நோட்டிஃபை செய்தியை அனுப்பினால் போன் உடனே சர்வருக்கு வரும். பிஜேசிப் (ஆஸ்டரிஸ்கின் புதிய சிப் மாட்யூல்) பயன்படுத்துவோர் 'பிஜேசிப் செண்ட் நோட்டிஃபை' கட்டளையில், வகையையும் எண்ட்பாயிண்டையும் கொடுக்க வேண்டும். பழைய சிப் மாட்யூலான 'சான்-சிப்' ஆஸ்டரிஸ்க் 21-லிருந்து நீக்கப்பட்டுவிட்டது, அதன் கட்டளைகள் அங்கே ஓடாது. கிராண்ட்ஸ்ட்ரீமில் நோட்டிஃபைக்கும் அடையாளம் கேட்கும் அமைப்பு இருக்கிறது. அனுப்பியும் அசையவில்லை என்றால் அதைச் சரிபாருங்கள். போன் ரீபூட் ஆகக்கூடும் என்பதால் மதிய உணவு வேளையோ மாலையோ பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

தானாகப் புதுப்பிக்க இரவு 2 மணி முதல் 5 மணிக்குள் என்று வாராந்திர நேரம் வைப்பது வழக்கம். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கத்து மண்டிகளுக்கு இது ஒத்துவராது. கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகும் இடத்தில் இரவு 2 மணிக்குப் போனே உயிரோடு இருக்காது. அங்கே பூட் ஆகும்போது கேட்கும் 'பவர்_ஆன்' அமைப்பு 1 என்று இருந்தால் போதும்.

மின்தடைக்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு முடிந்து கரண்ட் வந்ததும், போன்கள் சர்வருக்கு முன்பே எழுந்துவிடும். கேட்கும் நேரத்தில் சர்வர் இன்னும் தயாராகவில்லை என்றால் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடத் தொடங்கிவிடும். பேச்சு நிற்காது, ஆனால் உங்கள் புதிய மாற்றம் அன்றைக்கு ஏறியிருக்காது. சர்வர், பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே போனுக்கு மின்சாரம் தருவது) இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் வையுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றும்போது வரிசை முக்கியம்

சிப் பாஸ்வேர்டு மாற்றம்தான் அதிகம் சறுக்கும் வேலை. பிபிஎக்ஸில் முதலில் மாற்றிவிட்டு, ஃபைலை மெதுவாகத் திருத்திக்கொண்டிருந்தால், ஒவ்வொரு போனாகப் பிபிஎக்ஸில் அதன் பதிவு (நான் இங்கே இருக்கிறேன் என்று போன் கொடுத்த தகவல்) காலாவதியாகி, பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப முட்டும். பிபிஎக்ஸில் ஃபெயில்2பேன் இருந்தால் அதைத் தாக்குதல் என்று எண்ணி அந்த ஐபியைத் தடுத்துவிடும். ஏற்காட்டின் ஆறு போனும் ஒரே ஐபி வழியாக வந்தால், ஒரு போன் செய்த தவறுக்கு ஆறும் ஊமையாகும்.

சரியான வரிசை இது. விபிஎன்னின் ஐபி வரம்பையும் கிளையின் ஐபியையும் தடுப்பு விலக்குப் பட்டியலில் சேருங்கள். புதிய பாஸ்வேர்டோடு எல்லா மேக் ஃபைலையும் சர்வரில் தயாராக வையுங்கள். பிறகு பிபிஎக்ஸில் மாற்றி ரீலோடு செய்யுங்கள். போன்களின் பழைய பதிவு இன்னும் உயிரோடு இருக்கும். யீலிங்கின் வழக்கமான பதிவுக் காலம் 3600 செகண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அடுத்த நிமிடமே, நோட்டிஃபை அனுப்பிவிடுங்கள். பதிவு போன பிறகு நோட்டிஃபை அனுப்பினால் எங்கே அனுப்புவது என்றே பிபிஎக்ஸுக்குத் தெரியாது.

ஏற்காட்டுக்கு அனுப்பும் முன் நிதானம்

சேலத்தில் தப்பானால் அடுத்த அறைக்கு நடந்துபோய்ச் சரிசெய்யலாம். ஏற்காட்டில் தப்பானால் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஆகவே போனைத் தொடர்பிலிருந்து துண்டிக்கக்கூடிய நான்கு விஷயங்களை மொத்தமாகத் தள்ளாதீர்கள்: விலான் எண், ஐபி அமைப்பு, ப்ரொவிஷனிங் சர்வரின் முகவரி, ஃபர்ம்வேர். முதல் மூன்றில் தவறினால், திருத்திய ஃபைலை எடுக்க அந்தப் போன் சர்வருக்கே வர முடியாது. பிறகு யாராவது போனின் மெனுவில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் அட்மின் பாஸ்வேர்டு போட்டு, நெட்வொர்க்கில் விலானைக் கையால் மாற்ற வேண்டும். அந்தப் பாஸ்வேர்டையும் நீங்கள் அன்றே மாற்றியிருந்தால், எஸ்டேட் அலுவலகத்தில் இருப்பவரிடம் புதியது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓகே பட்டனைப் பத்து செகண்டு அழுத்திப் பிடித்து ஃபேக்டரி ரீசெட் செய்வதே வழி. விலான் எண்ணைப் போனில் எழுதாமல், எல்எல்டிபி (ஸ்விட்சும் போனும் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாக ஸ்விட்சே சொல்லும்படி வைத்தால் இந்த ஆபத்தே குறையும்.

கிளையின் டிஎச்சிபி அங்குள்ள ரௌட்டரில்தான் இருக்கும். சேலத்தில் ஆப்ஷன் 66-ஐ மாற்றிவிட்டு அங்கே மறப்பது சகஜம். அங்கே கொடுக்கும் முகவரி, விபிஎன் வழியாக எட்டக்கூடிய சர்வர் முகவரியாக இருக்க வேண்டும்.

ஃபர்ம்வேர் ஏற்றும்போது கரண்ட் போனால் போன் பூட் ஆகாமல் போகலாம். சேர்வராயன் மலையில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்கள் இடி மின்னலுக்குப் பேர்போனவை. அந்த வேலையைக் காலையிலேயே, யூபிஎஸ் சார்ஜ் ஆனபிறகு, ஒரு நேரத்தில் ஒரு போன் என்று செய்யுங்கள்.

டயல் விதிகள்

எண்ணை அழுத்தி முடித்ததும் காத்திருக்காமல் அழைப்பு போக, 'டயல் நௌ' விதிகளைப் பொது ஃபைலில் எழுதலாம். நம் பகுதிக்கு வசதியான ஒரு ஒற்றுமை இருக்கிறது. சேலம் 0427-க்குப் பின் ஏழு இலக்கம், ஏற்காடு 04281-க்குப் பின் ஆறு இலக்கம், இரண்டும் மொத்தம் 11. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை, அதுவும் 11. எனவே '0, அதன்பின் பத்து இலக்கம்' என்ற ஒரே விதி மூன்றுக்கும் போதும். வெளி லைனுக்குத் தனியாக 0 அழுத்தும் பழக்கம் உள்ள அலுவலகத்தில் மட்டும் இந்த விதி ஒரு இலக்கம் முந்திவிடும், அங்கே இன்னொரு 0-வைச் சேர்த்து எழுதுங்கள். 0-வைச் சேர்ப்பது, கழற்றுவது போன்ற மாற்றங்களைப் போனில் செய்யாமல் பிபிஎக்ஸில் வையுங்கள். லைன் கொடுக்கும் நிறுவனம் மாறினால் அங்கே ஒரே இடத்தில் திருத்தலாம்.

எக்ஸ்டென்ஷன்களை 1-இல் தொடங்காதீர்கள். 100, 101, 108, 112 எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கணக்குப்பிரிவு மேசைக்கு 108 என்று எண் கொடுத்துவிட்டு, அவசரத்தில் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கணக்குப்பிரிவில்தான் மணி அடிக்கும். ஒவ்வொரு டயல் விதி மாற்றத்துக்குப் பிறகும் 108, 112 இரண்டும் வெளி லைனுக்குப் போகும் பாதையை, உண்மையான அழைப்பு செய்யாமல், பிபிஎக்ஸின் அவுட்பவுண்ட் ரூட்டில் சரிபாருங்கள். ஏற்காட்டுப் போன்களின் அழைப்பு சேலம் லைன் வழியாக வெளியே போகிறதென்றால், அவசர அழைப்பை எடுப்பவர் சேலம் முகவரியையே பார்க்கக்கூடும். கிளையிலேயே ஒரு லேண்ட்லைனையோ மொபைலையோ தனியாக வைத்து, அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

எக்ஸ்டென்ஷன்கள் 2-இல் தொடங்கினால் மூன்று இலக்க உடனடி விதி, ஏழு இலக்க சேலம் எண்ணை மூன்றாவது இலக்கத்திலேயே வெட்டிவிடும். உள்ளூர் எண்ணையும் 0427 சேர்த்தே அழுத்தும் பழக்கத்துக்கு எல்லோரையும் கொண்டுவந்த பிறகே அந்த விதியைப் போடுங்கள்.

போன் மாற்றும்போது

மின்னலில் போன ஒன்றுக்குப் பதில் புதிய போன் வைக்கும்போது, பழைய மேக் ஃபைலைப் புதிய மேக்கின் பெயரில் நகலெடுத்து, பழையதை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். மாடல் வேறு என்றால் பட்டன்களின் எண்ணிக்கை வேறுபடும், 'லைன்கீ' வரிகளைச் சரிபாருங்கள். பழைய ஃபைலை விட்டுவைத்தால், பழுது பார்த்துத் திரும்பி வந்த போனை யாராவது வேறு மேசையில் சொருகும்போது அது அதே எக்ஸ்டென்ஷனோடு எழுந்துவிடும். ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு பதிவு மட்டும் என்று பிபிஎக்ஸில் வைத்திருந்தால் இரண்டு போனும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மேசையில் இருப்பவர் தன் எக்ஸ்டென்ஷனுக்கு மணி அடிப்பதில்லை என்பார், அடுத்த நிமிடம் அடிக்கும். புதிய போன் பதிவானதும் பட்டியலில் மேக்கையும் தேதியையும் அப்போதே மாற்றி எழுதிவிடுங்கள்.